சத்தம் கேட்காத வண்டி

இரண்டாயிரத்து எட்டாம் வருஷம், கார்த்திகை மாதம். அப்போது நான் விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வீடுகளில் ஃபியூஸ் மாட்டும் பீங்கான் கட்டைகளைப் பளபளப்புக் கலவையில் முக்கி எடுத்து அடுக்கும் வேலை. ஏழு மணிக்கு உள்ளே இருக்க வேண்டும். எங்கள் வீடு பெண்ணாடம் ரோட்டுப் பக்கம். அந்த நேரத்துக்குச் சரியான பஸ் கிடையாது. நடந்தால் முக்கால் மணி நேரம்.

அதனால்தான் என் வீட்டுக்காரர் எனக்கு ஒரு பேட்டரி வண்டி வாங்கிக் கொடுத்தார். மொபெட்டை விடக் கொஞ்சம் பெரிசு. பின்சக்கரத்துக்குள்ளேயே மோட்டார் இருக்கும். செயின் இல்லை, பெட்ரோல் இல்லை, லைசென்ஸும் தேவையில்லை. சாவியைத் திருப்பினால் ஓடத் தயாரா இல்லையா என்றுகூடத் தெரியாது. கைப்பிடியை முறுக்கினால் தண்ணீரில் மிதப்பது போலக் கிளம்பிவிடும். எங்கள் தெருவில் பெண்கள் ஓட்டிய முதல் வண்டி அது. முதல் ஒரு மாதம், சும்மாவே கடைக்கும் கோயிலுக்கும் ஓட்டிக்கொண்டு போவேன்.

ஒரே தொல்லை கரண்ட். அந்த வருஷம் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. இரவு பூரா சார்ஜில் போட்டிருந்தாலும் காலையில் பார்த்தால் பாதிகூட ஏறியிருக்காது. நடுவழியில் நின்றுபோனால் அந்தக் கனத்தைத் தள்ளிக்கொண்டு போக முடியாது. அதனால் நானாகவே ஒரு சிக்கனம் கண்டுபிடித்து வைத்திருந்தேன். லைட் போடமாட்டேன், ஹாரன் அடிக்கமாட்டேன். ஹாரன் அடித்தால் சார்ஜ் இறங்கிவிடும் என்று யாரோ சொன்னதை அப்படியே நம்பினேன்.

அன்று காலை லேசான தூறல். தொழிற்பேட்டைக்குப் பின்பக்கமாக வரும் ரோட்டில் ஆள் நடமாட்டம் இல்லை. தூரத்தில் ஓரமாக ஒருவர் நின்றுகொண்டிருந்தார். தோளில் மழைக்காகப் பிளாஸ்டிக் ஷீட் போர்த்தி, பை மாட்டியிருந்தார். தலையை நான் வரும் பக்கமாகச் சாய்த்தபடி நின்றார். என்னைப் பார்த்துவிட்டார், நான் போகட்டும் என்று நிற்கிறார் என்று நினைத்தேன். வேகத்தைக் குறைக்கவில்லை.

பத்தடி தூரத்தில் அவர் ரோட்டில் இறங்கினார்.

பிரேக்கைப் பிடித்தேன். ஹாரன் பொத்தான் கட்டைவிரலுக்கு அடியிலேயேதான் இருந்தது. விரல் அதைத் தொடவில்லை. ஈர ரோட்டில் வண்டி வழுக்கி, அவர் மேல் இடித்துக்கொண்டு சாய்ந்தது. நானும் விழுந்தேன். எழுந்து பார்த்தபோது அவருடைய வலது கை வண்டிக்கு அடியில் இருந்தது. அத்தனை பேட்டரியும் அந்தக் கையின் மேல். தூக்கித் தூக்கிப் பார்த்தேன், மூன்றாவது தடவைதான் வண்டி எழுந்தது. அப்போதுதான் ஷீட்டுக்கு அடியில் இருந்து வெளியே விழுந்து கிடந்த வெள்ளைக் குச்சியைப் பார்த்தேன்.

அவர் வலியில் கத்தவில்லை. முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பி, "என்ன வண்டி அது? சத்தமே வரலியே... சத்தமே வரலியே..." என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

"பேட்டரி வண்டிங்க" என்றேன். கொஞ்ச தூரத்தில் இருந்த டீக்கடைக்காரர் ஓடிவந்தார். "என்னாங்க ஆச்சு?" என்று அவர் என்னைத்தான் கேட்டார். நான் சொல்ல வாயெடுப்பதற்குள், கீழே கிடந்தவர், "சறுக்கி வுழுந்துட்டேங்க. கை கல்லுல மாட்டிக்கிச்சு. தூக்கலாம்னு இந்தம்மா நிறுத்துனாங்க, அவங்க வண்டியும் சாஞ்சிடுச்சு" என்றார்.

நான் மறுக்கவில்லை. அந்த ஒரு நிமிஷம் எனக்குள் வந்தது நிம்மதிதான். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

ஆட்டோவில் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். வழியில் அவரே பேசினார். அரசாங்க ஆபீஸ்களிலும் ஸ்கூல்களிலும் நாற்காலிக்கு ஒயர் பின்னுகிறவராம். திட்டக்குடி, பெண்ணாடம் என்று பஸ் ஏறித் தனியாகவே போய்விட்டு வருவாராம்.

"அண்ணே, நான்தான் இடிச்சேன். எதுக்கு அப்படி மாத்திச் சொன்னீங்க?" என்று அழுதுகொண்டே கேட்டேன்.

"ஒனக்காகச் சொல்லல தங்கச்சி. வண்டி அடிச்சிடுச்சுன்னு தெரிஞ்சா வூட்டுல இனிமே என்னைத் தனியா வுடமாட்டாங்க. சறுக்கி வுழுறது எல்லாருக்கும் நடக்குறது. நீயும் அப்படியே சொல்லிடு." "சரிண்ணே" என்றேன்.

ஆஸ்பத்திரியில் அவர் மனைவி வந்ததும் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நீ மட்டும் வரலன்னா அவரை யாரும்மா தூக்கியிருப்பா? நல்லா இருக்கணும்மா நீ" என்றார். நான் தலையை ஆட்டினேன்.

எலும்பு கூடியது. ஆனால் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மடங்கவே இல்லை. தொட்டால் உணர்ச்சியும் இல்லை. ஒயரை இழுத்துப் பிடிக்க அந்த இரண்டு விரல்கள்தான் வேண்டும். புத்தகத்தில் புள்ளி எழுத்தைத் தடவிப் படிப்பதும் அந்த ஆள்காட்டி விரலால்தான். இதை அவர் சொல்லவில்லை. அவர் மனைவி சொன்னார். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போகும்போதெல்லாம் டீ போட்டுக் கொடுத்து, தன் கூடப் பிறந்தவளிடம் சொல்வது போல எல்லாவற்றையும் சொல்வார். அந்த டீயை நான் எப்படிக் குடித்தேன் என்று இப்போதும் தெரியவில்லை.

பொங்கல் முடிந்து ஒரு ஞாயிறு. மனைவி கடைக்குப் போயிருந்தார். அவர் மெதுவாக, "வண்டி எடுத்துக்கிட்டுத்தான வந்திருக்கே?" என்று கேட்டார்.

"ஆமாண்ணே."

"தெருவுல ஒரு தடவை ஓட்டிக் காட்டு. அதோட சத்தம் எப்படி இருக்குதுன்னு நான் தெரிஞ்சி வச்சிக்கணும். லாரி, பஸ்ஸு, டிராக்டரு எல்லாம் எனக்குத் தெரியும். சைக்கிள்கூடத் தெரியும். இது ஒண்ணுதான் தெரியல. தெரிஞ்சிட்டா மறுபடியும் வெளிய கெளம்பிடுவேன்."

வாசலில் குச்சியை ஊன்றி நின்றார். தெருக்கோடி வரை போய், அவரைக் கடந்து ஓட்டினேன்.

"வந்துட்டியா?" என்றார். நான் அதற்குள் அவரைத் தாண்டியிருந்தேன்.

"இன்னொரு தடவை" என்றார். போனேன். தலையைச் சாய்த்து, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு கேட்டார். பக்கத்தில் வந்த பிறகு டயரில் மணல் நெரியும் சத்தத்தில்தான் திடுக்கிட்டார். மூன்றாவது தடவை அந்தச் சத்தமும் கேட்கவில்லை; தெருக்குழாயில் யாரோ குடம் வைத்துத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மெதுவாக ஓட்டச் சொன்னார், வேகமாக ஓட்டச் சொன்னார். எத்தனை தடவை போனேன் என்று எண்ணவில்லை. ஒவ்வொரு தடவையும், ஏதாவது சத்தம் போடு, ஏதாவது சத்தம் போடு என்று வண்டியை மனதுக்குள் கெஞ்சினேன். அது மிதந்துகொண்டே போனது.

கடைசியில் அவர் கையைக் காட்டினார். "போதும் தங்கச்சி. இது என் காதுக்குள்ள வரமாட்டேங்குது." பிறகு, "இது மாதிரி இன்னும் நெறைய வருமா?" என்று கேட்டார்.

"தெரியலண்ணே" என்றேன். வரும் என்று தெரியும். அதற்குள்ளேயே டவுனில் பத்துப் பதினைந்து வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன.

அவர் இடது கையால் குச்சியை ஒவ்வொரு கணுவாக மடக்கினார். வலது கையால் அதைப் பிடிக்க முடியாமல் இரண்டு தடவை கீழே விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன். "அண்ணே, என்னை மன்னிச்சிடுங்க" என்றேன். "அதெல்லாம் அன்னிக்கே மன்னிச்சாச்சு" என்று சொல்லிவிட்டு, கதவு நிலையைத் தடவிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அதற்குப் பிறகு அவர் தனியாக வெளியே போகவேயில்லை என்று அவர் மனைவி சொன்னார். "சறுக்கி வுழுந்ததுக்கே இவ்ளோ பயந்துட்டாரு" என்று ஆச்சரியப்பட்டார். உண்மையை அந்த அம்மாவிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை. அந்த அண்ணனுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறேனா, என்னைக் காப்பாற்றிக்கொள்கிறேனா என்பது எனக்கே விளங்கவில்லை. இரண்டு வருஷத்தில் அவர்கள் வீட்டை மாற்றிக்கொண்டு எங்கேயோ போய்விட்டார்கள்.

மன்னிப்புக் கேட்டுவிட்டால் மனசு லேசாகிவிடும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். நான் கேட்டேன், அவரும் கொடுத்தார், இத்தனை வருஷத்தில் அது கொஞ்சம்கூட லேசாகவில்லை.