தவிட்டுக்கு வாங்கிய மகள்

நான் ஒரு பெண் குழந்தையை விலை கொடுத்து வாங்கியவள். விலை ஒரு முறம் தவிடு. இதை இப்படிப் பட்டென்று யாரிடமும் சொல்லாதீர்கள் என்று வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார். சொல்லாமல் இருந்தபோது மட்டும் என்ன கிழிந்தது?

பக்கத்து வீட்டுக்காரிக்கு முதல் இரண்டு குழந்தைகளும் பிறந்த கொஞ்ச நாளிலேயே தவறிவிட்டன. மூன்றாவதாக இந்தப் பெண் பிறந்ததும், பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்து வந்த அவளுடைய உறவுக்காரர்கள் தவிட்டுக்கு விற்றுவிடச் சொன்னார்கள். ஒருத்திக்குப் பிள்ளை தங்கவில்லை என்றால், நன்றாகப் பிள்ளை வளர்த்த இன்னொருத்தியிடம் தவிடு வாங்கிக்கொண்டு குழந்தையை விற்றதாகப் பேர் பண்ணுவது வழக்கம். எமன் தேடி வந்தால், இது அவள் பிள்ளை இல்லை போலிருக்கிறது என்று ஏமாந்து போக வேண்டும். என் பையன்கள் இருவரும் தடிமாடு மாதிரி வளர்ந்து நின்றார்கள். அந்த ஒரே தகுதியில் நான் மறுபடியும் அம்மா ஆனேன்.

குழந்தை என்னைத்தான் அம்மா என்று கூப்பிட வேண்டும். பெற்றவளை அத்தை என்றுதான் கூப்பிட வேண்டும். ஏழு வயது முடிந்ததும் கோயிலில் வைத்து அவள் திருப்பி வாங்கிக்கொள்வாள். அதுவரை வாய் தவறிக்கூட அவளை அம்மா என்று கூப்பிடக்கூடாது. இதில் மட்டும் அவள் விளையாட்டுக்குக்கூட விட்டுக்கொடுத்ததில்லை. இரண்டைப் பறிகொடுத்தவளிடம் யார் போய் வாதாடுவது?

குழந்தை தவழ்வதற்குள் புருஷன்காரன் அவளை விட்டுவிட்டுப் போய்விட்டான். அவள் தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலைக்குச் சேர்ந்தாள். ஷிஃப்ட் மாறிக்கொண்டே இருக்கும். கும்மிடிப்பூண்டியில் எங்கள் தெருவில் இது ஒன்றும் அதிசயமில்லை. குழந்தை என் வீட்டில் சாப்பிட்டு, என் வீட்டில் தூங்கி, என் வீட்டிலிருந்தே பள்ளிக்கூடம் போனது. "பெத்தது நீ, பேஜாரு எனக்கா?" என்று தினமும் அவளைத் திட்டுவேன். வாய் திட்டும்போதே கை சோறு பிசைந்துகொண்டிருக்கும்.

போன வருஷம் மணவாள நகரில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு நான் போக வேண்டியிருந்தது. அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. குழந்தைக்குச் சோறும் டிவியும் வைத்துவிட்டு, முன்கதவைப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். குழந்தை பின்கதவைத் திறந்து, என்னைத் தேடிக்கொண்டு ரயில்வே ஸ்டேஷனுக்கே நடந்துவிட்டது.

அங்கே போலீஸ்காரம்மா கேட்டிருக்கிறார். அம்மா எங்கே? மணவாள நகர் போயிருக்கு. வீட்டில் யார்? அத்தை. பூட்டிட்டு வேலைக்குப் போயிடுச்சு. கம்பெனியில் செல்போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். ஷிஃப்ட் முடிந்து அவள் போனைக் கையில் வாங்குவதற்குள் குழந்தையை ஒரு இல்லத்தில் சேர்த்துவிட்டார்கள்.

விசாரணை திருவள்ளூரில் குழந்தைகள் நலக் குழுவின் முன்னால் நடந்தது. கறுப்பு அங்கியும் இல்லை, கூண்டும் இல்லை. ஆனால் பெற்றவர் வளர்க்கத் தகுதியானவர்தானா, இல்லையென்றால் பிள்ளையைத் தத்துக் கொடுக்கலாமா என்று தீர்மானிக்கிற அதிகாரம் அவர்களுக்கு உண்டு. கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். திட்டித் தீர்க்க ஒரு கெட்டவன் கிடைத்திருந்தால் எனக்கு எவ்வளவோ தேவலை.

பிறப்புச் சான்றிதழைக் காட்டியதும் பெற்றவள் அவள்தான் என்று ஒத்துக்கொண்டார்கள். தவிட்டுக் கதையைச் சொன்னதும் வயதான உறுப்பினர் ஒருவர் சிரித்தேவிட்டார்.

"எனக்குத் தெரியாதாம்மா? எங்க வீட்லயே என் தம்பிய வித்தாங்க."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அடுத்த வார்த்தையிலேயே அவர் அதைப் பிடுங்கிக்கொண்டார்.

"ஆனா என் தம்பி எங்கம்மா மடியிலதான் வளர்ந்தான். இந்தக் குழந்தை யார் வீட்ல தூங்குது? ஸ்கூலுக்கு யார் அனுப்புறது?"

எல்லாமே நான்தான். பொய் சொல்ல முடியுமா? பேருக்கு விற்றது எப்போது நிஜமாகிப் போனது என்று எனக்கே தெரியவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வாய்தாவுக்கு அவளால் வர முடியவில்லை. வந்தால் வேலை போய்விடும், வேலை போனால் பிள்ளையை எப்படி வளர்ப்பாய் என்று கேட்பார்கள். புருஷன்காரனை எப்படியோ போனில் பிடித்தார்கள். எனக்கு வேண்டாம் என்று வைத்துவிட்டான்.

கடைசி விசாரணைக்கு முன்னால் வக்கீல் அவளிடம் படித்துப் படித்துச் சொன்னார். குழந்தை ஒரே ஒரு தடவை உன்னை அம்மா என்று கூப்பிட்டால் போதும், சொல்லிக்கொடு என்றார். நானும் கெஞ்சினேன்.

"வேணாங்கா. கேஸு போனா போவுது. அது உசுரோட இருந்தா போதும்" என்றாள்.

அன்று குழுவிலிருந்த ஒரு பெண் உறுப்பினர் குழந்தையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, "இவங்களை அம்மான்னு கூப்பிடு பார்க்கலாம்" என்று ஆசையாய்த்தான் கேட்டார்.

குழந்தை தலையை ஆட்டியது. "கூப்ட்டா நான் செத்துப்பூடுவேன்."

"யாரு சொன்னாங்க?"

"அத்த."

அந்த உறுப்பினர் அவள் பக்கம் திரும்பினார். "நிஜமாம்மா? குழந்தைகிட்ட அப்படிச் சொன்னீங்களா?" என்று அவளிடம் கேட்டார்.

"ஆமாங்க. நெஜந்தானே?" என்றாள் அவள்.

சாவைச் சொல்லிக் குழந்தையை மிரட்டி வளர்த்திருக்கிறார் என்று எழுதிக்கொண்டார்கள். வேறு எப்படித்தான் எழுதுவார்கள்? அவள் தகுதியற்றவள் என்றும், தத்துக்குத் தடையில்லை என்றும் முடிவாயிற்று. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீயாவது புள்ளைய கேளுக்கா" என்றாள். கேட்டேன். ஆறு வருஷம் தலை வாரிவிட்டவளுக்குச் சட்டத்தில் ஒரு பெயரும் இல்லையாம். மேல்முறையீடு செய்திருக்கிறோம். அதை நம்பி ஒரு வாய் சோறுகூட நிம்மதியாய்ச் சாப்பிட முடியவில்லை.

குழந்தையை வேறு ஊரில் உள்ள இல்லத்துக்கு மாற்றிய அன்று கேட்டுக்கு வெளியே நின்றிருந்தோம். வண்டியில் ஏற்றும்போது குழந்தை, "அம்மா" என்று வீறிட்டது. நான் ஓடினேன். அவள் தரையைப் பார்த்தபடி நின்றாள். இத்தனை வருஷமாய் அந்தச் சொல்லுக்குத் திரும்பாமல் இருந்தே பழகியவள். ஜன்னலில் தெரிந்த கண்கள் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் நின்றவளைத்தான் பார்த்தன.

வண்டி ரோட்டில் திரும்பியதும் அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். "உன்னத்தான்டி கூப்ட்டுது!"

முதலில் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் முகம் வெளுத்துப் போனது.

"அய்யோ, கூப்புடக் கூடாதேக்கா. இன்னும் ஏழு முடியலியே" என்று அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டாள்.