மலையேறும் வண்டிக்கு ஒரு பில்டர்

சித்தப்பாவிடம் ஒரு பழைய டீசல் வேன் இருந்தது. ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணிக்கட்டுகளை ஏற்றிக்கொண்டு, செங்கோட்டை வழியாக மலையேறிக் கேரளத்துக்குப் போவார். காலையில் கிளம்பினால் மறுநாள் சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டு வாசலில் ஹாரன் கேட்டுவிடும். ஓர் ஐப்பசி மழையில் அது கேட்கவில்லை.

அப்பா பஸ் ஸ்டாண்டுக்கும் வீட்டுக்குமாக நடந்தார். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத சித்தி, துவைத்த துணிகளையே மறுபடியும் எடுத்துத் துவைத்தாள். அதற்கடுத்த நாள் மத்தியானம், யாரோ ஒருவரின் லாரியிலிருந்து சித்தப்பா முழுக்க நனைந்து இறங்கினார். மலைப்பாதை வளைவில் இன்ஜின் ஜாமாகி நின்றுவிட்டதாம். பின்னால் உருண்ட வேனை ஒரு பாறைதான் பிடித்து நிறுத்தியதாம். இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

வேனை இழுத்து வந்து பிரித்த மெக்கானிக், ஆயில் பில்டர்தான் காரணம் என்று அதைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டார். சித்தப்பா அதைக் கொல்லையில் எறிந்தார். சித்தி போய் எடுத்து வந்தாள்.

எதைக் கண்டாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் இருக்க முடியாத வயது எனக்கு. இருவருமாக அதைப் பிரித்தோம். உள்ளே வெறும் காகிதம்! மடித்து மடித்து வட்டமாக வைத்திருந்த காகிதம், ஓரத்துப் பசை விட்டு, கூழாகிக் கிடந்தது.

"காகிதத்தாலயா சித்தி வண்டி நின்னுச்சு?"

"ஆயில் இது வழியாத்தான் வடிஞ்சு போகணுமாம்ட்டி. இது பிஞ்சு, ஆயில் போற வழியை அடைச்சிருக்கு. ஆயில் கிடைக்கலேன்னா இரும்பும் இரும்பும் உரசிச் சூடாகி ஒட்டிக்கிடுமாம்."

"எதை வாங்குனா என்ன, எல்லாம் காகிதந்தான்" என்றார் சித்தப்பா. அதுவரை அவர் முன்னால் குரல் உயர்த்தியிராத சித்தி, "இந்தத் தடவை நான் போய் வாங்கிட்டு வாரேன்" என்றாள். சித்தப்பா சிரித்தார். துணைக்கு நான் போனேன்.

ராஜபாளையத்து ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் பெண் என்று நாங்கள் இருவர்தான். கடைக்கார அண்ணாச்சி இரண்டு பில்டர்களை மேஜையில் வைத்தார். எனக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரிந்தன. சித்தி முதலாவதைக் கையில் எடுத்து உருட்டினாள். ஓர் இடத்தில் மடிப்பு நெருக்கமாகவும், இன்னோர் இடத்தில் விலகியும் இருந்தது. அவசரத்தில் சொருகிய கொசுவம் மாதிரி. ஓரத்தை நகத்தால் நெம்பினாள், பசை பெயர்ந்தது. இரண்டாவதில் மடிப்பு சீராக இருந்தது, ஆனால் ரப்பர் வாஷர் விரலுக்கு வளையவே இல்லை. நானும் அழுத்திப் பார்த்தேன். காய்ந்த பிஸ்கட் போல விளிம்பில் விரிசல் விட்டது.

"இது வழியா ஆயில் ஒழுகாதா அண்ணாச்சி?"

"எல்லாரும் இதைத்தானம்மா வாங்கிட்டுப் போறாவ."

சித்தி இரண்டையும் அவர் பக்கமே தள்ளி வைத்தாள். பிறகு தணிந்த குரலில் கேட்டாள்: "உங்க வீட்டு ஆளு இதை மாட்டிக்கிட்டு மலையேறுவாவன்னா, நீங்க எதைக் குடுப்பிய?"

அண்ணாச்சி அவளை நிமிர்ந்து பார்த்தார். இரண்டு பில்டர்களையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனவர், வேறொன்றோடு வந்தார். தடித்த காகிதம், ஒரே சீரான மடிப்பு, அழுத்தினால் அமுங்கி எழும் வாஷர். சித்தி ஓரத்தை நெம்பினாள், நகம்தான் வலித்திருக்கும். திரும்பும்போது பஸ்ஸில் அதை என் மடியில் வைக்கச் சொல்லிக் கெஞ்சினேன். எங்கள் ஊர் வழியாகக் கிருஷ்ணன்கோவில் போகும் அந்த பஸ்ஸில் அம்புட்டுக் கூட்டம். சித்தி தரவே இல்லை.

வேன் சரியாகி மறுபடி மலையேறியது. மறுநாள் சாயங்காலம் வாசலில் ஹாரன் கேட்டது. இறங்கிய சித்தப்பா, "வண்டி என்னமா இழுக்குது தெரியுமா?" என்றார். சித்தி அவர் கைப்பையை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

பில்டர் ஜெயித்த செய்தியை அவளோடு கொண்டாட நான் பின்னாலேயே ஓடினேன். சித்தி சுவரைப் பார்த்து நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பில்டர் நல்லாத்தான இருக்கு, பொறவு ஏன் சித்தி அழுறிய?"

"அடுப்புப் புகைட்டி."

எதையும் ஆராய்ந்து பார்க்கும் கெட்டிக்காரி அல்லவா நான்? அடுப்பு இன்னும் பற்றவைக்கவே இல்லை என்பதை அவளுக்குச் சுட்டிக்காட்டினேன்.