சம்பத் அண்ணாவும் அவர் பார்க்காத தொகுதியும்

சம்பத் அண்ணா போய்விட்டார். காலையில் அவர் மனைவி லதா அக்கா போன் பண்ணி, "உங்க அண்ணா போயிட்டாரும்மா" என்றார்... எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ஆபீஸில் எனக்குப் பக்கத்து சீட். பெங்களூர் அடுகோடியில் கீழே லேத் பட்டறை, மாடியில் நாங்கள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், எங்கள் வேலை கொஞ்சம் கூத்தானது. அமெரிக்கக் காங்கிரஸ், அதாவது அவர்களுடைய பார்லிமென்ட்... அதில் ஒரே ஒரு தொகுதியில் யார் ஜெயிப்பார் என்று அடுகோடியில் உட்கார்ந்துகொண்டு ஒரு கிளையன்ட்டுக்குக் கணித்துக் கொடுக்க வேண்டும்.

அதற்காக எங்களுக்குள்ளேயே ஒரு மார்க்கெட். நிஜப் பணம் கிடையாது, வெறும் பாயின்ட்தான். ஜெயிப்பார் என்று நினைக்கிற வேட்பாளரின் ஷேரை வாங்கலாம், மனசு மாறினால் விற்கலாம்.

எல்லோரும் வாங்கி விற்று, விலை நாற்பதில் நின்றால் அவருக்கு நூற்றுக்கு நாற்பது வாய்ப்பு என்று அர்த்தம். அந்த விலைதான் எங்கள் கணிப்பு.

புதிதாகச் சேருகிறவர்களிடம் அண்ணா ஒன்றே ஒன்றுதான் சொல்வார். "ஆசைப்படறத வாங்காதீங்கப்பா. நடக்கும்னு தோணறத வாங்குங்க."

சொன்ன மனுஷனே அந்தத் தொகுதியின் மேல் மயங்கிக் கிடந்தார்!

மதியம் சாப்பிட்டதும் கம்ப்யூட்டரில் மேப்பைத் திறந்து அந்த ஊர்த் தெருக்களில் நடக்க ஆரம்பிப்பார். ஆறு, இரும்புப் பாலம், பாலம் தாண்டினால் டயர் கடை, கடை வாசலில் படுத்திருக்கும் ஒரு பழுப்பு நாய்... கீழே லேத் அலறிக்கொண்டிருக்கும். இவர் சோளக்காட்டு ரோட்டில் போய்க்கொண்டிருப்பார்.

நான் ஏதாவது பேச வாயெடுத்தால், "சத்தம் போடாதம்மா, இப்ப அங்க எல்லாரும் தூங்கற நேரம்" என்பார்.

"ஏன்ணா, படத்துல வெயில் கொளுத்துதே?"

"அது படம்மா. ஊர் தூங்குது."

அந்தத் தொகுதியில் ஒரு ரிட்டயர்டு நர்ஸம்மா நின்றார். விளம்பரத்துக்குக் காசில்லாமல் வீடு வீடாக நடந்தே ஓட்டுக் கேட்கிறவர். ஆரம்பத்திலேயே அண்ணா அவருடைய ஷேரை அள்ளிவிட்டார்.

"ஓட்டே இல்லாத ஊர்ல உங்களுக்கு எதுக்குண்ணா கட்சி?" என்று நாங்கள் ஓட்டுவோம். சிரிப்பார், அவ்வளவுதான்.

இந்த வருஷம் மழை ஆரம்பித்தபோது அவருக்கு முடியாமல் போனது. கணையத்தில் கேன்சர் என்றார்கள்... ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு போனில் மார்க்கெட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார் என்று லதா அக்கா சொன்னார்.

அந்த நேரம் பார்த்தா நர்ஸம்மாவின் விலை சரிய வேண்டும்!

எங்கள் டீமில் மஞ்சுதான் முதலில் சொன்னான். கன்னடக்காரன், ஆனால் நம்மை விட நன்றாகத் தமிழ் பேசுவான். "பாவம்பா, அவரு அத ஒண்ணத்தான் பாத்துக்கினு இருக்காரு. ஆளுக்குக் கொஞ்சம் வாங்குங்க, ஏறட்டும்."

வாங்கினோம். கிளையன்ட்டுக்கு நம்பர் போவது கடைசி வாரம்தான், அதுவரை என்ன குடி முழுகிவிடும் என்று நினைத்தோம்.

ஆனால் நாங்கள் ஏற்ற ஏற்ற, யாரோ விற்று விற்று இறக்கிக்கொண்டே இருந்தார்கள். விற்பது யார் என்று மார்க்கெட்டில் பெயர் காட்டாது. "யாருப்பா அவன், சும்னே வித்துக்கினே இருக்கான்?" என்று மஞ்சு தலையில் அடித்துக்கொண்டான். கோபம் வந்தால் அவனுக்குக் கன்னடம் கலந்துவிடும்.

போன வாரம் பார்க்கப் போனேன். வராந்தாவிலேயே லதா அக்கா என்னை நிறுத்தி, டாக்டர் கைவிரித்துவிட்டார் என்றார். "அவருக்குத் தெரியாது. சொல்லிடாதம்மா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு மருந்து வாங்கக் கீழே போனார்.

நான் உள்ளே போய் வாய்க்கு வந்ததைப் பேசினேன். "உங்க நர்ஸம்மா விலை ஏறுதுண்ணா... எவனோ ஒரு பாவிதான் நடுவுல வித்து வித்துக் கெடுக்கறான்."

"அந்தப் பாவி நான்தாம்மா" என்றார்.

நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"நீங்க எனக்காக வாங்கறீங்க. எனக்குத் தெரியாதா? அந்தம்மா தோத்துடுவாங்கம்மா... அதான் வித்தேன்."

கண்ணை மூடிக்கொண்டார். "இங்க யாரும் எனக்கு நிஜ நம்பர் சொல்ல மாட்டேங்கறாங்க. எல்லாம் சரியாயிடும், சரியாயிடும்னு... அங்கயாவது நிஜம் இருக்கட்டும்னு பாத்தா, அதையும் நீங்க ஏத்தி ஏத்தி வெக்கறீங்க."

அப்புறம் கேட்டார். "நீ சொல்லும்மா. டாக்டர் என்ன சொன்னாரு?"

லதா அக்காவின் ஈரக் கை இன்னும் என் கையில் இருப்பது போலவே இருந்தது. போனை எடுத்து, அவர் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு, என்னிடம் இருந்த நர்ஸம்மா ஷேர் அத்தனையும் விற்றேன்.

விலை இறங்கியது... இறங்கிக்கொண்டே போனது. ஜன்னல் வழியாக வெயில் வந்து கட்டில் மேல் விழுந்திருந்தது. அண்ணா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"புரிஞ்சுதும்மா" என்றார். என் கையைத் தட்டிக்கொடுத்தார். "எனக்குத் தெரியும்னு லதாகிட்ட இப்ப சொல்லாத. அவ தாங்க மாட்டா. அப்புறமா சொல்லு."

இப்போது ஆனேக்கலில், அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்று உள்ளே லதா அக்காவிடம் சொல்லிவிட்டேன்.

"தெரிஞ்சுதான், நான் சரியாயிடும்னு சொன்னப்பல்லாம் தலையாட்டினாரா?" என்றார் அக்கா. "என்னைத் தேத்தத்தானா..."



இனி வலி இல்லைண்ணா. நிம்மதியாப் போங்க.