ஒற்றை ஆள் கூடாரம்

கூரியரில் வந்த பொட்டலத்தை என் வீட்டுக்காரர் பிரித்தபோது, உள்ளே மழைக்கோட்டு இருக்கிறது என்றுதான் நினைத்தேன். தண்ணீர் பாட்டில் கனம்கூட இல்லை. உதறினால் சாம்பல் நிறத்தில் நீளமாக ஒரு பை. தலைமாட்டில் மட்டும் மெல்லிய கம்பி ஒன்று வளைந்து துணியைத் தூக்கிப் பிடிக்கிறது. முகத்துக்கு நேரே கொசுவலை, பக்கவாட்டில் ஜிப். இதற்குப் பெயர் பிவியாம். மலையில் நடக்கிறவர்கள் இப்போதெல்லாம் இதற்குள்தான் நுழைந்து படுக்கிறார்களாம். எத்தனை பேருக்கு என்று கேட்டேன். ஒருத்தருக்கு என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. கல்யாணமான புதிதிலிருந்து வருஷா வருஷம் தை மாதத்தில் நாங்கள் ஜவ்வாது மலை ஏறுவோம். அவர் சர்வேயராக இருந்தபோது பழக்கமான மலைக்கிராமத்துக் குடும்பம் ஒன்று உண்டு. சாமை அறுத்துச் சும்மா கிடக்கும் அவர்களுடைய மேட்டுக் கொல்லையில் ஒரு ராத்திரி தங்கிவிட்டு இறங்குவோம். ஒடுகத்தூரில் என் மருந்துக்கடையை அந்த இரண்டு நாள் மட்டும்தான் பூட்டுவேன். போன வருஷம் அவருக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனது. மேடு ஏறக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சரி, இனி மலையும் வேண்டாம் மண்ணும் வேண்டாம் என்று நான் மனசை ஆற்றிக்கொண்டிருந்தேன். இந்த மனுஷன் என்னை மட்டும் தனியாக அனுப்பத் திட்டம் போட்டிருக்கிறார்.

"எனக்குக் காலு போச்சுன்னா நீ இன்னாத்துக்கு வூட்லயே கெடக்கணும்?" என்றார். "பழசு உன்னால தூக்க முடியாது. இத தூக்கலாம்."

பழசு என்று அவர் சொன்னது எங்கள் கூடாரத்தை. வாணியம்பாடியில் லாரிக்குத் தார்ப்பாய் தைக்கிற பாய் ஒருவரிடம் சொல்லித் தைத்தது. நாலு இரும்புக் குழாய்களோடு சேர்த்துத் தூக்கினால் மல்லாட்டை மூட்டை கனம் கனக்கும். அதை முதுகில் போட்டுக்கொண்டு அவர் முன்னால் போவார். நான் சோற்று மூட்டையும் ஓயாத வாயுமாகப் பின்னால் போவேன். உள்ளே ஒரே மெழுகு நாற்றம். ஒரு வருஷம் காற்றும் மழையும் அடித்தபோது, விடிய விடிய ஒரு குழாயைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். நான் குறட்டை விட்டுத் தூங்கினேன் என்று இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார். கரடிப் பயத்தில் எப்போதும் வாசல் பக்கம் அவர் படுப்பார், அந்தப்பக்கம் துணியை ஒட்டி நான். என் குளிர்ந்த பாதங்களை அவருடைய கெண்டைக்காலில் வைப்பேன். திட்டுவார், ஆனால் காலை நகர்த்த மாட்டார். அந்தத் திட்டு எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

அதனால் இந்தப் பை எனக்குப் பிடிக்கக்கூடாது என்று முதல் நாளே முடிவு செய்துவிட்டேன். இதற்குள் நான் நிம்மதியாகத் தூங்கி எழுந்தேன் என்றால், அவர் இல்லாமலும் எனக்கு மலை ஆகும் என்று அர்த்தம். அப்புறம் வருஷா வருஷம் நான் மேலே, அவர் கீழே. எனக்குப் பயம் அதுதான். அவருக்கோ, தன் காலால் நான் முடங்கிவிடக்கூடாது என்ற பயம். இதை நாங்கள் இரண்டு பேரும் பேசவில்லை. பையைப் பற்றியே சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

இப்போது அந்தக் கிராமம் வரைக்கும் தார்ரோடு இருப்பதால் காரிலேயே போனோம். அந்த வீட்டு அம்மா, "சார் மேல வர்லீங்களா?" என்று கேட்டார். அவர் சிரித்துக்கொண்டே முழங்காலைத் தட்டிக் காட்டினார். நான் கிளம்பும்போது, வீடியோவில் பார்த்ததை எல்லாம் ஒப்பித்தார். ஜிப்பைக் கொஞ்சம் திறந்து வைக்கணும், சரியாக நடுவில் படுக்கணும், உடம்பு துணியில் படக்கூடாது, பட்டால் மூச்சுக்காற்று தண்ணீராகி நனைத்துவிடும். எனக்குத் தெரியும், நான் ஒன்றும் பச்சைக்குழந்தை இல்லை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏறினேன்.

உள்ளதைச் சொல்ல வேண்டும். முதுகில் பை இருப்பதே தெரியவில்லை. வழக்கமாக அவர் மூட்டையை இறக்கி வைத்து மூச்சு வாங்குகிற பாறையில் நான் நிற்கவே வேண்டியிருக்கவில்லை. இருந்தாலும் நின்றேன். கொல்லைக்குப் போய்ச் சேர்ந்து, ஒரு கம்பியை வளைத்துச் செருகி, மூலைக்கொரு ஆணி அடித்ததும் கூடாரம் நின்றுவிட்டது. நான் ஒருத்தியே செய்துவிட்டேன். பழையதற்கு நாங்கள் சண்டை போடுகிற நேரத்துக்குள் இதில் எல்லாமே முடிந்திருந்தது. பொழுது சாய்கிற வெளிச்சத்தில் உள்ளே நுழைந்து படுத்துப் பார்த்தேன். வலைக்கு மேலே முழு வானமும் தெரிந்தது. நன்றாகத்தான் இருந்தது. அழுகையும் வந்தது.

விடிந்து எழுந்தால் ஸ்வெட்டர் கை சொதசொதவென்று நனைந்திருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். ஒழுகுகிறது, கேடுகெட்ட சாமான், திருப்பி அனுப்பிவிடலாம். பனியில் நனைந்த சாமைத் தாளை மிதித்துக்கொண்டு, என்னென்ன சொல்லித் திட்டலாம் என்று யோசித்தபடி விறுவிறுவென்று இறங்கினேன்.

அவர் அந்த வீட்டு வாசலில், மேட்டைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் கொட்டித் தீர்த்ததை எல்லாம் கேட்டுவிட்டு, என் இடது கையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு வலது கையைத் தொட்டார். அது காய்ந்துதான் இருந்தது. பையை வாங்கி உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பினார். இடது பாதி முழுக்க நசநசவென்று ஈரம். வலது பாதியில் ஒரு பொட்டு ஈரம் இல்லை.

"நடுவுல படுன்னு சொன்னேன் இல்ல?" என்றார்.

"அப்போ நீங்க எங்க படுப்பீங்க?"

யோசித்துச் சொன்னதில்லை. ராத்திரி முழுக்க அந்தக் குறுகின பைக்குள் ஒரு ஓரமாக ஒட்டிக்கொண்டு, ஜிப் இருக்கிற வாசல் பக்கம் இடம் விட்டுப் படுத்திருக்கிறேன் என்பது, வாயிலிருந்து அது விழுந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

அவர் எழுந்து போய்ப் பையை வேலிமேல் வெயிலில் விரித்துப் போட்டு, சுருக்கத்தை நீவி விட்டுக்கொண்டே வெகுநேரம் நின்றார். அந்த வீட்டு அம்மா கொடுத்த டீயைக் குடித்து முடித்தோம். காய்ந்ததும் நான் சுருட்டி உறையில் திணித்துத் தோளில் மாட்டப் போனேன்.

கையை நீட்டினார். "இங்க குடு. நான் தூக்கினு வர்றேன்."

பாரம் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொன்னதை ஞாபகப்படுத்தினேன்.

"இது பாரமா?" என்றார்.

கொடுத்தேன். அதைத் தோளில் மாட்டிக்கொண்டு, கார் நின்ற இடம் வரைக்கும் அவர் முன்னால் நடந்தார். நான் பின்னால் போனேன்.