குறுக்குவழியில் ஓடிய ரத்தம்

"கைய நீட்டுங்க" என்கிறார் மனைவி. எங்கள் கீழ்வீட்டில் இருக்கும் லிஃப்ட் மெக்கானிக்கான கணவர், வண்டியை நிறுத்தும் போலீஸ்காரர் மாதிரி இரண்டு உள்ளங்கைகளையும் உயர்த்துகிறார். ஆடாமல் நின்றால் காப்பி. கை சிறகு மாதிரி அடித்துக்கொண்டால் வயிற்றைச் சுத்தம் செய்யும் இனிப்பு மருந்து இன்னொரு மூடி, டாக்டருக்கு போன்.

"இன்னிக்கு என்ன கிழமை?"

"செவ்வா. ஊர்லேருந்து உங்கண்ணன் வர்ற நாளு. மறக்க முடியுமா?"

முப்பது வருஷம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவர். மாடிகளுக்கு நடுவே சிக்கியவர்களிடம் கதவிடுக்கு வழியாகப் பேச்சுக் கொடுத்தபடியே வேலை செய்வார். "பயப்படாதீங்க, நான் இருக்கேன்ல."

முன்பு குடித்தவர்தான். ஈரல் சுருங்கிவிட்டது என்று தெரிந்த அன்றே விட்டார். நாலு வருஷம் ஒரு சொட்டு தொடவில்லை. இருந்தும் போன வருஷம் ரத்த வாந்தி. இறுகிப்போன ஈரலுக்குள் நுழைய முடியாத ரத்தம் முட்டிக்கொண்டு வேறிடத்தில் உடைத்துக்கொண்டதாம். டாக்டர்கள் ஈரலுக்குள் சிறு குழாய் வைத்து வழி திறந்தார்கள். உயிர் தப்பியது. ஆனால் அந்தக் குறுக்குவழியில் போகும் ரத்தத்தை ஈரல் சுத்தம் செய்வதில்லை. குடலில் உண்டாகும் நஞ்சு அப்படியே மூளைக்கு ஏறிவிடுகிறது. "புத்தி தடுமாறலாம்" என்று டாக்டர் சொன்னது, பிழைத்தாரே என்ற சந்தோஷத்தில் யார் காதிலும் விழவில்லை.

ஒரு மதியம், சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, நாக்குழற வந்து நின்றார்.

"மறுபடியும் ஆரம்பிச்சிட்டீங்களா? தெளிஞ்சப்புறம் வாங்க!" மனைவி கதவைச் சாத்திவிட்டார். அவர் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். நாலு மணிக்கு வேலைவிட்டு வந்த நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அவரைத் தாண்டி மாடிக்குப் போனேன். ஆறு மணிக்கு மனைவி கதவைத் திறந்தபோது அவர் நினைவிழந்து கிடந்தார்.

ஆஸ்பத்திரியில் ஐந்தாம் நாள் கண் விழித்தார். குடியல்ல, மூளைக்கு ஏறிய நஞ்சு என்றார்கள் டாக்டர்கள். பிறகு குழாயின் வாயைச் சற்றுக் குறுக்கினார்கள். புத்தி திரும்பியது, முழுசாக அல்ல. எந்த ஒயர் எதற்கு என்று நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. கம்பெனியில் வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

"வாய மோந்து பாத்திருந்தாலே தெரிஞ்சிருக்கும் அண்ணா" என்றார் மனைவி என்னிடம். "கிட்டப் போகக்கூட எனக்கு மனசு வரல."

நாலிலிருந்து ஆறு வரை எனக்கும் இரண்டு மணி நேரம் இருந்தது.

போன வாரம் தெருமுனை பெஞ்சில் தனியாகச் செய்தித்தாள் விரித்து உட்கார்ந்திருந்தார். அருகில் போய், "அன்னிக்கு நான் உங்களப் பாத்தும்..." என்று தொடங்கினேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். விரித்திருந்த தாளை மெல்ல மடித்து மடியில் வைத்துக்கொண்டு, நான் உட்கார இடம்விட்டு நகர்ந்தார்.