குறைந்தது மூன்று பேர்

எங்கள் ஆய்வகத்தில் அவருக்குப் பெயர் 'குறைஞ்சது அக்கா'. நேரில் வெறும் அக்கா. முதுகுக்குப் பின்னால்தான் முழுப் பட்டம். அவருக்கும் அது தெரியும். ஒருநாள் கிளார்க் அண்ணனைக் கூப்பிட்டு, "எத்தனை பேரு என்னை அப்படிக் கூப்பிடுறீங்க?" என்று கேட்டார். அண்ணன் நெளிந்தார். "சரி விடுங்க. குறைஞ்சது ஏழு பேரு" என்று அவரே சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பட்டம் வந்த காரணம் எளிது. பல பேர் தொட்ட பொருட்களிலிருந்து எடுக்கும் மரபணு மாதிரிகள் எல்லாம் அவர் மேசைக்குத்தான் வரும். கதவுக் கைப்பிடி, பை வார், ஹெல்மெட் பட்டை. எத்தனை பேர் தொட்டார்களோ அத்தனை பேரும் அதில் குழம்பிக் கிடப்பார்கள். இயந்திரம் அந்தக் குழப்பத்தை மேடும் பள்ளமுமாக ஒரு வரைபடத்தில் தள்ளும். இருபத்துச் சொச்சம் இடங்களில் பார்ப்போம். ஒரு மனிதனுக்கு ஓர் இடத்தில் அதிகம் போனால் இரண்டு முகடுதான்: அம்மா கொடுத்தது ஒன்று, அப்பா கொடுத்தது ஒன்று. ஓர் இடத்தில் ஐந்து முகடு நின்றால் அங்கே இரண்டு பேர் மட்டும் இருக்க முடியாது; குறைந்தது மூன்று பேர். நான்காவது ஆள், முன்னவர்களின் முகடுகளுக்குள்ளேயே ஒளிந்துகொண்டும் இருக்கலாம். ஆகவே 'குறைந்தது' என்றுதான் எழுத முடியும்.

வேலையோடு நிறுத்திக்கொண்டால் பரவாயில்லை. வீட்டிலும் அதே சொல்தான். அவர் கணவர் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர்; சாயங்காலம் அக்காவை அழைத்துப்போக வந்து, வாசலில் எங்களிடம் மனக்குறையைக் கொட்டுவார்.

"ஒரு துண்டு ஈரமா கிடந்துச்சுப்பா. தூக்கிப் பாத்துட்டு, குறைஞ்சது ரெண்டு பேரு தொடைச்சிருக்கீங்கன்னு சொல்றா. எம் பொண்ணுங்க ரெண்டும் என்னைக் கை காட்டுது. நான் அன்னைக்குக் குளிக்கவே இல்ல. அதைச் சொல்லவும் முடியல."

எங்கள் பிரிவில் ஒரு விதி உண்டு. ஒரு வரைபடத்தை இரண்டு பேர் தனித்தனி அறையில் படிப்போம். எத்தனை பேர், எது ஆள், எது இயந்திரத்தின் பிழை என்று பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போடுவோம். அதுவரை பிடிபட்டவரின் சொந்த வரைபடம் ஒட்டிய கவருக்குள்ளேயே இருக்கும். அவருடைய எச்சில் மாதிரியை இயந்திரத்தில் போடுகிறவர், அந்த வழக்கின் கலவையைத் தொடவே கூடாது. காரணம் கேட்டால் அக்கா சொல்வார்: "விடையப் பாத்துட்டுக் கணக்குப் போட்டா எந்தக் கணக்குதான் தப்பாகும்?"

இரண்டாவதாகப் படிக்கிற ஆள் நான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிய முதல் ஆளும் நான்தான். என் பெயருக்குப் பின்னால் வரும் பட்டத்தை அப்பா வீட்டுக் கதவில் பெயின்ட்டால் எழுதி வைத்திருக்கிறார். கதவு போதாமல் கடைசி எழுத்து நிலையில் ஏறியிருக்கும். அப்படிப்பட்டவன் இரண்டு வருடமாக அக்காவின் தாளுக்குக் கீழே 'ஒத்துக்கொள்கிறேன்' என்றே எழுதிக்கொண்டிருந்தேன். ஒருமுறையாவது அவருக்கு முன்னால் நான் கண்டுபிடித்துவிட வேண்டும் என்ற ஆசை எனக்கு இருந்தது. அதுதான் வம்பில் கொண்டு விட்டது.

ஒரு திங்கட்கிழமை இன்ஸ்பெக்டர் ஒருவர் கவரோடு வந்தார். எங்கள் இடத்தில் அவருக்கு 'மைக்' என்று பெயர். பொதுக்கூட்டத்தில் பேசுகிற குரலில்தான் டீ கேட்பார். கடிகாரக் கடை ஒன்றின் பின்கதவை நெம்பித் திறந்து யாரோ உள்ளே போயிருக்கிறார்கள். நெம்பிய திருப்புளியை அங்கேயே போட்டுவிட்டார்கள். அது கடைக்காரருடைய சொந்தத் திருப்புளி. பேட்டரி மாற்ற அதைத்தான் எடுப்பார்; முந்தின நாள் பின்வாசலிலேயே மறந்து வைத்துவிட்டாராம். இரண்டு கடை தள்ளி இருக்கும் டூ வீலர் மெக்கானிக்குக்கும் கடைக்காரருக்கும் வண்டி நிறுத்துவதில் நெடுநாள் சண்டை. மெக்கானிக்கைப் பிடித்து உள்ளே வைத்துவிட்டார்கள்.

"வெள்ளிக்கிழமை கேஸ் வருது மேடம். உங்க ரிப்போர்ட்டப் பாத்துட்டுதான் ஜாமீன் பத்திச் சொல்வேன்னுட்டாரு ஜட்ஜ். 'இவன்தான்'னு ஒரே ஒரு வரி போதும்."

"வரி எல்லாம் மெஷின்தான் போடும் சார். நான் எண்ணத்தான் செய்வேன்" என்றார் அக்கா.

மெக்கானிக்கின் மனைவி அன்றிலிருந்து எங்கள் கேட்டுக்கு வெளியே சிமென்ட் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். மடியில் ஹெல்மெட். காலையில் பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வருவார், மதியம் எழுந்து போவார். யாரிடமும் பேசமாட்டார். அக்கா அந்தப் பக்கம் பார்க்காமல் உள்ளே வருவதற்காக, மழையே இல்லாத நாளில் குடை விரித்துக்கொண்டு வந்தார்.

எங்களிடம் எச்சில் மாதிரிகளைப் பார்ப்பது ஒரு கணவனும் மனைவியும். செவ்வாய்க்கிழமை மனைவிக்குக் காய்ச்சல், கணவரும் லீவு. நான்கு மாதிரிகளை இயந்திரத்தில் ஏற்ற ஆள் இல்லை. நான் ஏற்றினேன். அதில் ஒன்று மெக்கானிக்குடையது, இன்னொன்று கடைக்காரருடையது. வரைபடம் திரையில் வந்தது. பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு அச்செடுக்க முடியாது அல்லவா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் திருப்புளிக் கலவை என் மேசைக்கு வந்தபோது, 'நான் இதைப் படிக்கக் கூடாது' என்று எழுந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வரைபடத்தைப் பார்த்ததும் தெரிந்த முகங்கள் கூட்டத்தில் கையசைப்பதுபோல இருந்தது. கடைக்காரர் ஒன்று, மெக்கானிக் ஒன்று. எல்லாம் அழகாகப் பிரிந்தது. ஓர் இடத்தில் மட்டும் நான்கு முகடுகளோடு குட்டியாக ஒன்று கூடுதலாக நின்றது. உயரமான முகட்டுக்கு ஒரு படி முன்னால் இயந்திரம் சில நேரம் ஒரு போலி முகட்டைப் போடும். நாங்கள் அதை நிழல் என்போம். அதுவும் நிழல்தான் என்று அடித்துவிட்டு, 'இரண்டு பேர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். 'குறைந்தது' கூடப் போடவில்லை. அவ்வளவு தெம்பு.

அக்காவின் தாளில் 'குறைந்தது மூன்று பேர்' என்று இருந்தது.

"அந்தக் குட்டியை என்ன பண்ணின தம்பி?"

"நிழல்னு கழிச்சுட்டேன்க்கா."

"அளந்தியா?"

அளக்கவில்லை. அவர் ஸ்கேலை எடுத்து என் பக்கம் தள்ளினார். இயந்திரமே உயரத்தை எண்ணாகப் போட்டிருக்கும்போது ஸ்கேல் தேவையே இல்லை. என்னை அவமானப்படுத்தத்தான் எடுத்தார். அந்த இடத்தில் நிழல் என்றால் பக்கத்து முகட்டில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாது. இது நான்கில் ஒரு பங்கு இருந்தது.

"இவ்வளவு வளந்த நிழல நான் பாத்ததில்ல. உனக்கு இது தெரியாதது இல்ல. போன மாசம் இதே மாதிரி ஒண்ண நீயும் அளந்துதான் எழுதின." கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "மெக்கானிக் படத்த எப்ப பாத்த?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஜன்னலுக்கு வெளியே பெஞ்சில் ஹெல்மெட் தெரிந்தது.

"நேத்து. ஆளில்லைன்னு நான்தான் ஏத்தினேன்."

அக்கா திட்டவில்லை. என் தாளை எடுத்துக் குறுக்கே கோடு போட்டு, 'படித்தவர் விடையைப் பார்த்துவிட்டார்' என்று எழுதி, தேதி போட்டுக் கோப்பில் சேர்த்தார். திட்டியிருக்கலாம். அந்தத் தாள் என் பணி உள்ளவரை அந்தக் கோப்பில் இருக்கும்; கதவில் இருக்கும் பெயின்ட்டை விட நாள் தாங்கும். கலவை எங்கள் இயக்குநரிடம் போனது. அவர் மெக்கானிக் படத்தைப் பார்க்காதவர். ஒரு மணி நேரம் கழித்து அவரும் 'குறைந்தது மூன்று' என்று எழுதி அனுப்பினார்.

வியாழக்கிழமை காலை, முறைப்படி கவரைப் பிரித்தார்கள். இன்ஸ்பெக்டர் கூடவே நின்றார். மெக்கானிக்கின் ஒவ்வொரு முகடும் கலவையில் அதனதன் இடத்தில் இருக்கத்தான் செய்தது. ஒன்றுகூட விடுபடவில்லை.

"பாத்தீங்களா மேடம். நான் அப்பவே சொன்னேன்" என்று அவர் சொன்னது அடுத்த கட்டடத்துக்கும் கேட்டிருக்கும்.

"சார், உங்க ஸ்டேஷன்ல இருக்கிற எல்லார் சட்டையிலயும் ஆளுக்கு ரெண்டு பட்டன் பிச்சு ஒரு டப்பாவில போடுங்க. அதுல தேடினா எங்க வீட்டுக்காரர் சட்டைக்குப் பொருந்துற பட்டன் எல்லாம் கிடைக்கும். அதுக்காக அவரு உங்க ஸ்டேஷன்ல சட்டையக் கழட்டினாருன்னு சொல்வீங்களா?"

"அப்ப இவன் இல்லைங்கிறீங்க."

"அதுவும் சொல்லல. மூணு பேரு இருக்காங்க. ஒருத்தர் கடைக்காரர், தெரியும். இன்னொருத்தர் யாருன்னு தெரிஞ்சா மிச்சத்த எண்ணலாம். இத யாரு எடுத்தது?"

"நான்தான். கையுறை போட்டுத்தான் எடுத்தேன். எழுதியே கொடுத்திருக்கேன்."

"எடுத்துட்டு?"

"எடுத்துட்டு என்ன, உடனே கவர்ல போட்டேன்."

"உடனேவா?"

இன்ஸ்பெக்டர் கொஞ்சம் யோசித்தார். "வெளிய பத்திரிகைக்காரங்க நின்னாங்க. ரெண்டு வார்த்த பேசினேன்."

"எதைக் கையில வெச்சுக்கிட்டு?"

அவர் வலது கை தானாக எழுந்து, விரல் மடங்கி, வாய்க்கு முன்னால் வந்து நின்றது. அப்படியே நின்றுவிட்டது. அவர் அந்தக் கையைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். கிளார்க் அண்ணன் ஏதோ கோப்பைத் தேடுவதுபோல பீரோவுக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

"எவ்வளவு நேரம் பேசினீங்க சார்?"

"பத்து நிமிஷம் இருக்கும்."

"குறைஞ்சது" என்றார் அக்கா.

பொருட்களை எடுக்கிற போலீஸ்காரர்கள் எல்லாரும் எங்களிடம் எச்சில் மாதிரி கொடுத்து வைக்க வேண்டும் என்று ஒரு விதி உண்டு. அவர்களுடையது கலந்துவிட்டால் அடையாளம் கண்டு கழிக்கத்தான். மைக் இரண்டு வருடமாகக் கொடுக்காமல் டிமிக்கி கொடுத்துக்கொண்டிருந்தார். "நான் என்ன அக்யூஸ்டா?" என்பார். அன்றும் அதையே ஆரம்பித்தார். அக்கா பஞ்சுக் குச்சியைப் பிரித்தார்.

"வாயைத் தொறங்க சார். உங்களுக்கு அது கஷ்டமான காரியம் இல்லையே."

திறந்தார். நான் அந்த ஆய்வகத்தில் சேர்ந்ததிலிருந்து அவர் வாய் திறந்தும் சத்தம் வராமல் இருந்தது அந்த அரை நிமிடம் மட்டுந்தான்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு அவர் படம் வந்தது. அந்த வளர்ந்த நிழல் அவருடையதுதான். கடைக்காரரையும் அவரையும் ஒவ்வோர் இடமாகக் கழித்துக்கொண்டே போனார் அக்கா. இயக்குநர் பக்கத்தில் உட்கார்ந்து தனியாகக் கழித்தார். எனக்கு அறைக்குள் அனுமதி இல்லை. கண்ணாடிக்கு வெளியே நின்றேன். மெக்கானிக்குடையது என்று நான் கையசைத்து வரவேற்ற முகடுகளில் பாதி கடைக்காரருக்கும், பாதி இன்ஸ்பெக்டருக்கும் சொந்தமாக இருந்தன. மிஞ்சி நின்றவன் வேறொருவன். எட்டு இடங்களில் அவனுக்கும் மெக்கானிக்குக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. மெக்கானிக் நான்காவதாக ஒளிந்திருந்தால் அந்த முகடுகள் இன்னும் உயர்ந்திருக்க வேண்டும்; உயரவில்லை.

அறிக்கையின் கடைசி வரியைக் கிளார்க் அண்ணன் தட்டச்சு செய்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். 'இந்தக் கலவையில் மெக்கானிக் இல்லை.'

"முன்னால ஏதோ ஒரு வார்த்த விட்டுப்போச்சோன்னு அக்காகிட்டப் போய்க் கேட்டேன்ப்பா. விடல, அவ்வளவுதான்னு சொல்றாங்க."

இன்ஸ்பெக்டர் பத்து மணிக்கு அறிக்கையை வாங்கிக்கொண்டு வழக்கத்துக்கு மாறாக மெல்லிய குரலில் கேட்டார். "அப்ப திருடினது யாரு மேடம்?"

"தெரியாது சார். பிடிச்சுக் கொண்டாங்க, கழிச்சுப் பாக்கலாம். கொண்டாரும்போது பேசாமக் கொண்டாங்க."

அன்று மாலையே மெக்கானிக் வெளியே வந்துவிட்டார். திங்கட்கிழமை காலை மனைவியோடு எங்கள் கேட்டில் நின்றார். பெஞ்சில் ஹெல்மெட் இரண்டு இருந்தன. அக்கா அன்று குடை கொண்டு வரவில்லை. நான்தான் மனுஷனை மாட்டிவிடப் பார்த்தவன் என்பது அவர்கள் இருவருக்கும் தெரியாது. தெரியப்படுத்தலாமா என்று நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டார்.

"அம்மா, எண்ணி எண்ணிப் பாத்தீங்களாமே. உங்களுக்கு என்ன செய்றதுன்னே தெரியல."

"ஒண்ணும் செய்யாதீங்க. எங்க வீட்டுக்காரர் வண்டி ஒண்ணு கடகடன்னு சத்தம் போடுது, அதை மட்டும் ஒரு நாள் பாருங்க. எத்தனை கோளாறுன்னு கேக்காதீங்க, நான் சொல்லிடுவேன்."

மெக்கானிக்குக்குக் கண் கலங்கிவிட்டது. கிரீஸ் படிந்த இரண்டு கையையும் நீட்டி, அக்காவின் கையைப் பிடித்துக்கொள்ள ஓர் அடி முன்னால் வந்தார். அக்கா சட்டென்று கதவுக்குப் பின்னால் போய், தலையை மட்டும் நீட்டினார்.

"அங்கயே நில்லுங்க. இப்பத்தான் உங்களக் கஷ்டப்பட்டுக் கழிச்சு விட்டிருக்கோம். மறுபடி வந்து கலந்துடாதீங்க."