எதைவிட?

சித்தப்பாவின் மருந்துச் சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் இரண்டு வரிக் கிறுக்கல். அன்றைக்கு எனக்குப் புரிந்தது முதல் வரியில் இருந்த ‘பெட்டர்’ மட்டும்தான். இப்போது அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

எண்பதுகளின் கடைசி. ராஜபாளையத்தில் நூற்பாலை வேலை சித்தப்பாவுக்கு. இருமலைப் பஞ்சுத் தூசி என்றே நினைத்திருந்தோம், காசநோய் என்றார்கள். மாதம் ஒருமுறை ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் போவார். துணைக்கு நான். ஒன்பதாம் வகுப்பு, வீட்டில் இங்கிலீஷ் தெரிந்த ஒரே ஆள் என்ற தலைக்கனம் வேறு. மூன்றாம் மாதம் டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்தார், சீட்டில் எழுதினார், அடுத்த ஆளைக் கூப்பிட்டார். தமிழில் இரண்டு வார்த்தை சொன்னால் வாயிலிருந்து முத்து உதிர்ந்துவிடுமா?

வெளியே வந்ததும், “என்ன பாப்பா எழுதியிருக்காவ?” என்றார் சித்தப்பா.

“நல்லாயிருச்சாம் சித்தப்பா.”

“நெசமாவா? அம்புட்டுதானா?”

அந்த மாத்திரை வயிற்றைப் புரட்டும், ஒன்றுக்குப் போனால் சிவப்பாகப் போகும். எப்போது விட்டுத் தொலைப்போம் என்றிருந்தவர். மாத்திரை வாங்கும் வரிசையில் நிற்காமலே பஸ் ஏறிவிட்டோம்.

ஐந்தாம் மாதம் இருமலில் ரத்தம். மறுபடி போனபோது டாக்டருக்குத் தமிழ் நன்றாகவே வந்தது. “யாருய்யா மாத்திரையை நிறுத்தச் சொன்னது?”

“நாந்தான் சார். சொகமாயிட்டுன்னு நெனச்சு விட்டுட்டேன்” என்றார் சித்தப்பா. என் பக்கம் திரும்பவே இல்லை. அடுத்த பொங்கலுக்கு அவர் இல்லை. “அந்த டாக்டரு ஒழுங்காச் சொல்லியிருந்தா அவிய இருந்திருப்பாவ” என்று சித்தி அழும்போதெல்லாம் தலையாட்டியிருக்கிறேன்.

தொண்ணூறுகளில் மம்சாபுரத்தில் இங்கிலீஷ் டீச்சரானேன். ‘குட், பெட்டர், பெஸ்ட்’ என்று பிள்ளைகள் ராகம் போடுவார்கள். முதல் சொல்லுக்கும் இரண்டாவதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்கிறது அகராதி. பெட்டர் வேறு வேரிலிருந்து வந்ததாம். குணப்படுத்துவதைச் சொன்ன பழஞ்சொல் ஒன்று அதற்கு உறவாம். எரிச்சலில் அகராதியை மூடிவிட்டேன். தமிழில் ‘விட’ என்று இழுத்தால்தான் ஒப்பிட முடியும். போன மாதத்தைவிட, நேற்றைவிட. பாழாய்ப்போன இந்தப் ‘பெட்டர்’ அதை விழுங்கிவிட்டுத் தனியாக நிற்கும். பிள்ளைகள் நோட்டில் அது தனியாக நின்றால் சிவப்பு மையில் ‘எதைவிட?’ என்று எழுதுவேன். எனக்குப் பட்டப்பெயரே அதுதான்.

ஆனால் சீட்டின் இரண்டாவது வரியை இப்போது என்னால் வாசிக்க முடிகிறது. அதே மாத்திரையைத் தொடரவும் என்று இருக்கிறது. இது எனக்குப் படிக்கத் தெரியவில்லை சித்தப்பா என்று அன்றைக்குச் சொல்லியிருந்தால் போதும்.